எல்லாம் உண்டு

ஆடி பிறந்ததிலிருந்து மலையில் வெயிலே இல்லை. கடைவீதியில் பேக்கரிக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், ஈரச் சாக்ஸைக் கழற்றிக்கூடப் போடாமல், லூர்துநாதன் அதே கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை மறுபடியும் திருத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. சமவெளியில் ஒரு பெரிய கம்பெனியில் வெகுகாலம் ஆட்களை மேய்த்தவர். அந்த வேலை போனதும், மனைவி நர்ஸாக இருக்கும் எஸ்டேட் ஆஸ்பத்திரியை நம்பி மலைக்கு வந்து சேர்ந்தார். ஆட்களை மேய்த்த காலத்தில் புரோகிராம் எழுதும் கை மரத்துப் போயிருந்தது. அதை மறுபடி கற்றுக்கொள்ளத்தான் இந்த அறைக்கு, ஷம்சாத் டீச்சரிடம் வந்தார்.

டீச்சர் அவரைவிட நன்றாகவே இளையவர். முன்பு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்ததால் மலை முழுக்க அவருக்கு டீச்சர் என்றுதான் பெயர். லூர்துவும் அப்படியே கூப்பிட்டார். அவர் லூர்துவை அண்ணா என்றார். யாருக்கு யார் குரு என்று வெளியாள் பார்த்தால் சொல்ல முடியாது.

டீச்சர் எழுதி வளர்த்த புரோகிராமை ஊரில் ‘விளக்கு’ என்பார்கள். எந்த எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்று வனக்காவலர்கள் தகவல் சொன்னால் போதும். அந்த எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டர், பஸ் நிற்கும் முக்கில் கம்பத்து உச்சியில் இருக்கும் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். விளக்கு எரிந்தால் ஜனங்கள் பாதையில் இறங்க மாட்டார்கள். செல்போன் சிக்னல் எடுக்காத இடங்கள் அவை. அந்த விளக்கைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

கம்ப்யூட்டர்கள் எல்லாம் யார் யாரோ வேண்டாம் என்று கொடுத்தவை. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அதனால் புரோகிராமை ஒவ்வொரு மெஷினிலும் அந்த மெஷினுக்கு ஏற்றபடி அங்கேயே வைத்துத்தான் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன்னால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் இருக்கிறதா, தகவலைச் சேமித்து வைக்கும் லைப்ரரி என்கிற துணைப் புரோகிராம் இருக்கிறதா, கம்பத்து விளக்கைப் போட்டு அணைக்கும் விளக்குப் பெட்டியோடு பேசும் லைப்ரரி இருக்கிறதா என்று மெஷினை ஒவ்வொன்றாகக் கேட்கும். இருந்தால் ‘உண்டு’ என்று ஒரு வரி. இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். சமைக்க உட்காருமுன் சாமான் பார்க்கிற மாதிரியான வேலை. அந்த ஸ்கிரிப்டை எழுதும் பொறுப்பைத்தான் டீச்சர் லூர்துவிடம் விட்டிருந்தார்.

சின்ன வேலை என்றுதான் நினைத்தார். அது வளர்ந்துகொண்டே போனது. ஒரு எஸ்டேட்டில் கம்பைலர் பழசாக இருந்தது. பதிப்பு எண்ணைப் பார்த்துச் சொல்லும்படி சேர்த்தார். இன்னொன்றில் அதே லைப்ரரி வேறு பெயரில் இருந்தது. அந்தப் பெயரையும் சேர்த்தார். ஒவ்வொரு முறை மலையிறங்கி மலையேறி வரும்போதும் சேர்க்க ஏதாவது இருந்தது.

அன்றைக்கு அவர் திரையிலிருந்து தலையைத் திருப்பினார்.

“இன்னும் எவ்வளவுதான் கேட்கணும் டீச்சர்?”

“எதை அண்ணா?”

“மெஷினைத்தான். ஒண்ணு விடாமக் கேட்கறேன். அடுத்த எஸ்டேட்டுல நான் கேட்காத ஒண்ணு இல்லாமப் போகுது.”

“ம்.”

“இதுக்கு முடிவே கிடையாதா?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி இமைகளை அழுத்தித் தேய்த்தார். அவர் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். இத்தனை எஸ்டேட்டுக்கும் பல வருடமாக ஒரே ஆள்.

“கீழ்ச்சோலைக்குப் போகணும்,” என்றார். “மழை விட்டதும் போவோம்.”

கேட்டதற்கு இது பதில் இல்லை என்று லூர்துவுக்குத் தோன்றியது.

மழை விடும் என்று அவர் காத்திருக்கவில்லை. மறுநாளே தனியாக பஸ் ஏறினார். கீழ்ச்சோலை எஸ்டேட்டில் பழைய மெஷின் ஈரத்தில் செத்துப்போய், ஒரு பள்ளிக்கூடம் கொடுத்த வேறு மெஷின் வந்திருந்தது. ஆபீஸ் கிளார்க் தேவசகாயம் மேசையில் இடம் ஒதுக்கித் தந்தார். கிளார்க்குக்கு நாற்பது வயதிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே டெலிபோனை எடுத்தார், வைத்தார், வாசலில் நின்றவர்களுக்குப் பதில் சொன்னார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசினார்.

லூர்து ஸ்கிரிப்டை ஓட விட்டார். கம்பைலர்: உண்டு. சேமிப்பு லைப்ரரி: உண்டு. விளக்குப் பெட்டி லைப்ரரி: உண்டு. எண்களும் சரி. ஒரு இடத்திலும் நிற்காமல் திரை முழுக்க ‘உண்டு’ என்று இறங்கியது. கடைசி வரி, அவரே யோசித்து வைத்த வரி, ‘எல்லாம் உண்டு’ என்றது.

இத்தனை மாதத்தில் அது முதல் தடவையாக நிற்காமல் ஓடியது. புரோகிராமைக் கட்டினார். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். லூர்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸில் உட்கார்ந்தார். வழியெல்லாம் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த வாரம், பொழுது சாயும் நேரத்தில், குட்டியோடு நாலைந்து யானைகள் கீழ்ச்சோலை முக்குக்கு மேலே இருந்த தேயிலையில் வந்து நின்றன. காவலர்கள் தகவல் சொன்னார்கள். தகவல் ஒழுங்காகத்தான் எஸ்டேட் மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தது. மெஷின் விளக்கைப் போட்டதாகவே குறித்தும் வைத்தது.

விளக்கு எரியவில்லை.

கொழுந்து எடுக்கும் முத்துப்பேச்சி டவுனுக்குப் போய்விட்டு அந்த நேரத்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தாள். இருட்டாக இருந்தது. பாதையில் நடந்தாள். வளைவில் தாய் யானை திரும்பியது. அவள் ஓடி, தடுமாறி, தேயிலை வாய்க்காலுக்குள் விழுந்தாள். யானை மேலே நின்று மண்ணை உதைத்துவிட்டுப் போனது. உயிர் தப்பியது. தொடை எலும்பு முறிந்து இடுப்பும் பிசகிவிட்டது.

லூர்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் மனைவிதான் கட்டிலைக் காட்டிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள். முத்துப்பேச்சி காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள்.

“நான் விளக்கு ஆபீஸ்ல இருந்து வர்றேன்மா.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்து வந்திருந்தார். இல்லை.

“விளக்கு எரியலைங்க ஐயா. அதனாலதான் நடந்தேன்.”

“தெரியும்மா.”

“எரியலைன்னா யானை இல்லைன்னுதானே அர்த்தம்?”

லூர்து கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப சரி பண்ணிட்டீங்களா?” என்றாள்.

“பண்ணப் போறேன்.”

“எங்க மூத்த மக அந்த பஸ்ஸுலதான் வருவா,” என்றாள் முத்துப்பேச்சி.

அங்கிருந்து நேரே கீழ்ச்சோலைக்குப் போனார். ஆபீஸில் தேவசகாயம் அவர் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை நகர்த்திப் போட்டார். லூர்து ஸ்கிரிப்டை மறுபடி ஓட விட்டார். உண்டு, உண்டு, உண்டு. எல்லாம் உண்டு. வெளியே விளக்கு செத்துக் கிடந்தது. ஸ்கிரிப்ட் எல்லாம் உண்டு என்றது. நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் ஓட விட்டார். அதையே சொன்னது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆனது. விளக்குப் பெட்டியோடு பேசும் லைப்ரரி மெஷினில் இருந்தது. பெயர் சரி, எண்ணும் சரி. ஆனால் அந்த மெஷினில் அதைப் போட்டவர்கள், வெளிச் சாதனங்களோடு பேசும் பகுதியை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் விளக்குப் பெட்டிக்கு என்ன வேலை? அந்த லைப்ரரியைக் கூப்பிட்டால் சரி என்னும். சொன்னதைச் செய்யாது. செய்யவில்லை என்றும் சொல்லாது.

முழு லைப்ரரியைப் போட்டார். இந்த முறை ஆபீஸிலிருந்து தேவசகாயத்தைப் போடச் சொல்லிவிட்டு, கம்பத்தடிக்குப் போய் நின்று, விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்தார். அப்புறமும் அவரால் அங்கிருந்து நகர முடியவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டுத் தேயிலை லாரியில் தொற்றிக்கொண்டு டவுனுக்கு வந்தார்.

இரண்டு நாள் லூர்து டீச்சரின் அறைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஸ்கிரிப்டில் கேள்விகளைச் சேர்த்தார். லைப்ரரிக்குள் இந்தப் பகுதி இருக்கிறதா, அந்தப் பகுதி இருக்கிறதா, யார் போட்டது, எப்போது போட்டது. வரி வரியாகச் சேர்க்கச் சேர்க்க இன்னும் கேட்காமல் விட்டவை கண்முன்னால் பெருகின. மனைவி தட்டில் வைத்தது அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பேக்கரிப் படியேறி வந்து டீச்சர் முன்னால் நின்றார்.

“வாங்கண்ணா,” என்றார் டீச்சர். “சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு டீச்சர்.”

“தூங்கினீங்களா?”

“தூங்கினேன்.”

“உடம்பு நல்லா இருக்கா?”

“அதெல்லாம் இருக்கு. நான் ஸ்கிரிப்டைப் பத்திப் பேச வந்தேன்.”

“பேசலாம்.” டீச்சர் பிளாஸ்கைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் வெந்நீர் ஊற்றினார். “இதை அந்த ஜன்னல் திட்டுல வச்சிருங்க. ஆறட்டும்.”

லூர்து டம்ளரை எடுத்தார். ஜன்னல் நாலு எட்டு தூரம்தான். பாதி தூரம் போகுமுன் தண்ணீர் அவர் விரல்களில் வழிந்து, சட்டையில் வழிந்து, தரையில் சொட்டியது. நிறுத்தப் பார்த்தார். கை கேட்கவில்லை. திட்டில் வைத்தபோது டம்ளரில் பாதிதான் இருந்தது.

டீச்சர் மூலையிலிருந்த பழைய துணியை எடுத்து வந்து, குனிந்து தரையைத் துடைத்தார். லூர்து விரல்களை உதறிக்கொண்டு நின்றார்.

“சுட்டுடுச்சா?”

“இல்லை.” பிறகு, “லேசா,” என்றார்.

டீச்சர் துணியைப் பிழிந்து ஜன்னலில் போட்டார்.

“சாப்பிட்டாச்சு, தூங்கியாச்சு, நல்லா இருக்கேன்னீங்க.”

லூர்து ஈரத் தரையைப் பார்த்தார்.

“பேக்கரியில பன்னு இறக்கியிருப்பாங்க,” என்றார் டீச்சர். “சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்க. இன்னைக்கு எழுத வேணாம்.”

அவர் படியிறங்கினார். பன்னைப் பிட்டு வாயில் வைத்த பிறகுதான் எவ்வளவு பசித்திருக்கிறது என்று தெரிந்தது. இன்னொன்று கேட்டு வாங்கினார். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் மறுநாள் காலை மனைவி எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பழைய ஸ்கிரிப்டை வரி வரியாக அழித்தார். பெயர் கேட்கும் வரிகள் போயின. எண் கேட்கும் வரிகள் போயின. அந்த இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொடி வேலை வைத்தார். கம்பைலரிடம் ரெண்டு வரி புரோகிராமைக் கொடுத்துக் கட்டச் சொல்வது. சேமிப்பு லைப்ரரியிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையே திருப்பிக் கேட்பது. விளக்குப் பெட்டியிடம் விளக்கைப் போடச் சொல்வது. செய்தால் மேலே போகும். செய்யாவிட்டால் நின்றுவிடும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. மெஷினுக்குக் கண் இல்லை. அதனால் அந்த இடத்தில் ஸ்கிரிப்ட் நின்று மனிதரைக் கேட்கும்படி எழுதினார். ‘விளக்கு எரிந்ததா? ஆம். இல்லை.’ கம்பத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அழுத்த வேண்டும். அதுவரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

டீச்சர் படித்துப் பார்த்தார். “குறைஞ்சிருக்கு,” என்றார்.

“பாதிகூட இல்லை டீச்சர்.”

டீச்சர் தலையசைத்தார். அவ்வளவுதான். லூர்துவுக்கு அது போதுமாக இருந்தது.

கீழ்ச்சோலைக்குத்தான் முதலில் எடுத்துப் போனார். இனி புரோகிராமில் மாற்றம் வரும்போதெல்லாம் ஆபீஸ் ஆளே ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் தேவசகாயத்தை உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டார். வேலைகள் ஒவ்வொன்றாக நடந்தன. கடைசியில் கேள்வி வந்து நின்றது. விளக்கு எரிந்ததா?

கம்பம் ஆபீஸிலிருந்து தெரியாது. வளைவைத் தாண்டிப் போக வேண்டும். மழை சாரலாகப் பெய்துகொண்டிருந்தது.

தேவசகாயம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ‘ஆம்’ என்று அழுத்தினார்.

லூர்து வெளியே போனார். வளைவு வரைக்கும் நடந்தார். கம்பத்துக்குப் போகும் ஒயரை முறிந்து விழுந்த சில்வர் ஓக் மரக் கிளை ஒன்று இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒயர் அறுந்து தேயிலைச் செடிமேல் தொங்கியது.

திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“போய்ப் பார்த்தீங்களா?”

“எரியும் சார். போன வாரம் எரிஞ்சதுதானே.”

“பார்த்தீங்களான்னு கேட்டேன்.”

தேவசகாயம் டெலிபோனைப் பார்த்தார். அது அடிக்கவில்லை. “இல்லை சார்,” என்றார்.

லூர்து எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்து ஒயரை ஒட்ட வைத்து, தானே நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினார். ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி வந்தார். மெஷினை உண்மை பேச வைக்க இவ்வளவு பாடு. அது பேச ஆரம்பித்ததும், நடுவில் ஒரு மனுஷன் உட்கார்ந்து ஆமாம் என்று அழுத்துகிறான். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கால்கள் கனத்தன.

அறையில் டீச்சர் தனியாக இருந்தார். லூர்து நடந்ததைச் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தாளை நம்ப முடியாது டீச்சர். கேமரா வைக்கலாம். இல்லைன்னா கம்பத்துல ஒரு நம்பர் எழுதி, அதைப் பார்த்துட்டு வந்து அடிச்சாத்தான் மேல போகும்னு வைக்கலாம். தப்பிக்கவே முடியாது.”

“வைக்கலாம்.”

“மெஷின் பொய் சொன்னா ஒரு வேலை கொடுத்துப் பார்த்துடலாம். மனுஷனை எப்படிச் சோதிக்கறது?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் தேய்க்காமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அவர் ஏன் போகலைன்னு கேட்டீங்களா?”

“மழை. சோம்பல். வேற என்ன?”

“கேட்டீங்களா?”

லூர்து கேட்கவில்லை.

“காலையில முதல் பஸ்ஸுக்கு வந்துருங்க,” என்றார் டீச்சர். “நானும் வர்றேன்.”

அவர் சட்டென்று எங்கும் கிளம்புகிறவர் அல்ல. முதுகுவலி. மலைப்பாதை பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் ரெண்டு நாள் படுக்க வேண்டியிருக்கும். லூர்து வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். டீச்சர் அறை விளக்கை அணைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

கீழ்ச்சோலை ஆபீஸில் டீச்சரைப் பார்த்ததும் தேவசகாயம் எழுந்து நின்றார். தேவசகாயம் டீச்சரிடம் படித்தவரில்லை. ஆனாலும் மலையில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

“உட்காருங்க,” என்றார் டீச்சர். “நான் மெஷின் பார்க்க வரலை. சும்மா வந்தேன். வேலையெல்லாம் எப்படிப் போகுது?”

“போகுது டீச்சர்.”

“உங்க கூட இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்களே.”

“ஒருத்தர் ரிட்டயர் ஆயிட்டார். இன்னொருத்தர் கீழ ஊருக்கே போயிட்டார். ஆள் போடலை.”

“அப்ப நீங்க ஒருத்தர்தான்.”

“நான்தான் எல்லாம்.” அவர் சிரிக்கப் பார்த்தார். “வண்டி வேணும்னாலும் நான்தான். ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கணும்னாலும் நான்தான்.”

டெலிபோன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வைத்தார். டீச்சர் காத்திருந்தார்.

“முத்துப்பேச்சியைத் தூக்கினது யாரு?” என்று மெதுவாகக் கேட்டார்.

தேவசகாயம் மேசை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் டீச்சர். சத்தம் கேட்டு ஓடினேன். யானை போயிடுச்சா நிக்குதான்னு தெரியலை. பனி. டார்ச்சு வேற மங்கல். வாய்க்காலுக்குள்ள இறங்கித்தான் தூக்கினேன். அவங்க கால் என் கையில... அது அது பாட்டுக்குத் திரும்புச்சு.”

தேவசகாயம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“அதுக்கப்புறம் அந்த வளைவுப் பக்கம் நான் போகலை. வீட்டுக்குக்கூட பேக்டரி வழியா சுத்தித்தான் போறேன். வீட்டுல சொல்லலை. இவ்வளவு பெரிய ஆம்பளை, போய்ச் சொன்னா என்ன நினைப்பாங்க?” அவர் லூர்துவின் பக்கம் திரும்பினார். “மழைக்காகப் போகாம இருக்கலை சார். என்னால போக முடியலை. ஸ்கிரிப்ட்ல ஆம், இல்லைன்னு ரெண்டுதான் கேட்டுச்சு. இல்லைன்னு அழுத்தினா, எரியலைன்னு ஆயிடும். எரியலைன்னு எனக்குத் தெரியாதே. பார்க்கலைன்னு எங்க அழுத்துறது?”

லூர்துவுக்கு முந்தின நாள் தான் நனைந்துகொண்டு உள்ளே வந்து நின்றதும், கேட்ட தோரணையும் நினைவுக்கு வந்தன. கம்பெனியில் அப்படித்தான் கேட்பார்.

“சார்...” என்றார் லூர்து.

டீச்சர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “குடை இருக்கா?”

“ஒண்ணு இருக்கு டீச்சர்.”

“எடுங்க. மூணு பேரும் போய்ப் பார்த்துட்டு வருவோம்.”

தேவசகாயம் உடனே எழவில்லை. டெலிபோனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவர் மேசையைச் சுற்றி வந்து, ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்தார். லூர்து ஸ்கிரிப்டை ஓட விட்டு, அந்தக் கடைசிக் கேள்வியில் நிறுத்திவிட்டு அவர்கள் பின்னால் போனார்.

ஒரே குடைக்குள் டீச்சரும் தேவசகாயமும் நடந்தார்கள். டீச்சரின் நடை மெதுவாக இருந்தது. முதுகினாலா, வேண்டுமென்றா என்று லூர்துவுக்குத் தெரியவில்லை. வளைவுக்கு முன்னால் தேவசகாயம் நின்றுவிட்டார். குடையும் நின்றது. டீச்சர் பக்கத்துச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். தேவசகாயம் மூச்சை இழுத்து விட்டார். பிறகு நடந்தார்.

வாய்க்காலின் கரை சரிந்து இன்னும் அப்படியே கிடந்தது. மழைத் தண்ணீர் அதற்குள் சத்தமில்லாமல் ஓடியது. தேவசகாயம் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தாண்டினார்.

கம்பத்தின் உச்சியில் மூடுபனிக்குள் சிவப்பாக எரிந்தது.

“எரியுது டீச்சர்,” என்றார் தேவசகாயம்.

“ஆமா.”

கொஞ்ச நேரம் மூன்று பேரும் அண்ணாந்து நின்றார்கள். பிறகு தேவசகாயம், “ஆபீஸ்ல யாரும் இல்லை,” என்று குடையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, நனைந்தபடியே திரும்பி நடந்தார். அதே வளைவு வழியாகத்தான் போனார். லூர்து அவர் முதுகு பனியில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் விளக்கு அணைந்தது. அவர் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்து ‘ஆம்’ என்று அழுத்தியிருக்கிறார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. டீச்சர் கம்பத்தடியில் இருந்த கல்லில் மெல்ல உட்கார்ந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. லூர்து குடையைப் பிடித்துக்கொண்டார்.

“ஸ்கிரிப்ட்ல என்ன மாத்தணும் டீச்சர்?”

“கடைசிக் கேள்விக்கு என்னென்ன பதில் வச்சிருக்கீங்க?”

“ஆம். இல்லை.”

“இன்னொண்ணு வைங்க. ‘போய்ப் பார்க்க முடியலை’ன்னு.”

லூர்து யோசித்தார். “அதை வச்சா எல்லாரும் அதையே அழுத்துவாங்களே.”

“அழுத்தட்டும்.”

“எல்லா எஸ்டேட்டுலயுமா?”

டீச்சர் குனிந்து, செருப்பிலிருந்து காலுக்கு ஏறப்பார்த்த அட்டை ஒன்றைத் தட்டிவிட்டார். மலைமேலிருந்து பஸ் இறங்கும் சத்தம் எங்கோ கேட்டது, பிறகு வளைவுக்குப் பின்னால் போய் அடங்கியது.

“சரி, வைக்கறேன்,” என்றார் லூர்து. “அதை அழுத்தினா ஸ்கிரிப்ட் என்ன செய்யணும்?”

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கல்லிலிருந்து எழுந்தார்.

“ஸ்கிரிப்டுக்கு அங்க வேலை இல்லை அண்ணா. அழுத்தினவங்களைப் பார்க்க நாமதான் பஸ் ஏறணும்.”